பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை

பெங்களூரு நிலத் தகராறு ஒன்றில் 2025 ஏப்ரல் 16 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலத்துக்கு முன்பணமாக 75 லட்சம் ரூபாயை ரொக்கமாகவே கொடுத்ததாக வழக்குத் தொடுத்தவர்கள் சொல்லியிருந்தார்கள். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2017 ஏப்ரல் முதல் சட்டம் இருக்கிறது. ஆனாலும் இவ்வளவு பெரிய தொகை கைமாறியதாக நீதிமன்றத்திலேயே எழுதிக்கொடுக்க முடிகிறது. யாரும் ஏன் என்று கேட்பதில்லை. இனி இப்படி ஒரு வழக்கு வந்தால் நீதிமன்றமும், இப்படி ஒரு பத்திரம் வந்தால் சார்பதிவாளரும் வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நீதிபதிகள் உத்தரவிட்டார்கள். தெரிவிக்கத் தவறும் பதிவு அதிகாரி மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க, மாநிலத் தலைமைச் செயலரிடம் விஷயத்தைக் கொண்டுபோகவும் வழிசெய்தார்கள்.

நல்ல உத்தரவு. ஆனால் அது பிடிப்பது, ரொக்கம் கொடுத்ததை எழுத்தில் ஒப்புக்கொள்பவர்களை மட்டும். நிலம் வாங்கி விற்பவர்களில் பெரும்பாலோர் அப்படி எழுதுவதில்லை. பத்திரத்தில் ஏறுவது, பதிவுக்காக அரசு நிர்ணயித்திருக்கும் வழிகாட்டி மதிப்பு. அதற்கு மேல் உள்ளது எந்தக் காகிதத்திலும் ஏறாமல் கைமாறுகிறது. கணக்கில் வராத பொருளாதாரம் பட்டப்பகலில், அரசு முத்திரையின் கீழ் நடக்கும் இடம் சார்பதிவாளர் அலுவலகம். கறுப்புப் பணத்தைக் குறைக்க அரசு உண்மையிலேயே விரும்பினால், கண்காணிப்பை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒரு மனை, இரண்டு விலை

நகரத்தை ஒட்டிய ஒரு வீட்டு மனையை எடுத்துக்கொள்வோம். பேசி முடித்த விலை 60 லட்சம். அந்தத் தெருவுக்கு வழிகாட்டி மதிப்பின்படி வருவது 35 லட்சம். பத்திரம் 35 லட்சத்துக்கு எழுதப்படுகிறது. மீதி 25 லட்சம் பதிவு நாளன்று காலையில் ஆவண எழுத்தர் கடையின் உள்ளறையிலோ, வெளியே நிற்கும் காரிலோ எண்ணப்படுகிறது. எண்ணி முடிக்கும்வரை விற்பவர் கையெழுத்துப் போட உள்ளே வர மாட்டார். பிறகு சார்பதிவாளர் முன் நின்று, புகைப்படமும் கைரேகையும் கொடுத்து, "பணம் முழுக்க வாங்கிட்டீங்களா?" என்ற கேள்விக்கு "வாங்கிட்டேன்" என்பார். அந்தப் பதில் உண்மைதான். பத்திரத்தில் உள்ள தொகைதான் பொய்.

தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். மறைத்த 25 லட்சத்துக்கு இந்தக் கணக்கில் மட்டும் 2.25 லட்சம் அரசுக்கு வராமல் போகிறது. விற்பவர் அந்த மனையைப் பல ஆண்டுகள் வைத்திருந்தவர் என்றால், மறைத்த தொகைக்கு மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம், செஸ்ஸோடு சேர்த்து 3.25 லட்சம். ஆக, ஒரே மனையில் ஐந்தரை லட்சம் ரூபாய் பொதுப் பணம் காணாமல் போகிறது. இதில் உள்ளாட்சியின் பங்கும் உண்டு. முத்திரைத் தீர்வையோடு சேர்த்து வசூலிக்கும் 2 சதவீதக் கூடுதல் தீர்வை ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் போக வேண்டியது. மனை இருக்கும் ஊராட்சிக்கு இந்த ஒரு பத்திரத்தால் 50,000 ரூபாய் நஷ்டம். தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை கட்டவில்லை என்று அதே மனையில் வீடு கட்டியவர்தான் பின்னால் மனு கொடுப்பார்.

லாபம் என்று நினைப்பவர்களுக்கும் நஷ்டம்

இதை அரசின் நஷ்டமாக மட்டும் பார்ப்பதால்தான் மக்களுக்கு இதில் கோபம் வருவதில்லை. "எல்லாரும் செய்யறதுதானே" என்று விட்டுவிடுகிறார்கள். வாங்குபவரின் நிலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம்.

அவர் மாதச் சம்பளக்காரர். வருமானம் முழுவதும் வங்கி வழியாக, வரி பிடித்த பிறகே கைக்கு வருகிறது. அவரிடம் கறுப்புப் பணம் கிடையாது. ஆனால் விற்பவர் 25 லட்சத்தை ரொக்கமாகத்தான் வாங்குவேன் என்கிறார். வங்கி பத்திர விலையைப் பார்த்துத்தான் கடன் தரும். 25 லட்சத்துக்கு அது உதவாது. மனைவியின் நகை அடகுக்குப் போகிறது, சேமநல நிதியிலிருந்து பணம் எடுக்கப்படுகிறது, குறைவதற்கு நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வெளியில் கடன் வாங்கப்படுகிறது. இரண்டு வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம்; வீட்டுக் கடன் வட்டியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். வரி கட்டிய வெள்ளைப் பணத்தைத் தன் கையாலேயே கறுப்பாக்கி இன்னொருவரிடம் கொடுக்கிறார் இந்த மனிதர்.

விஷயம் அதோடு முடிவதில்லை. சில ஆண்டுகள் கழித்து மகளின் படிப்புக்காக அந்த மனையை 80 லட்சத்துக்கு விற்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நேர்மையாக முழு விலைக்குப் பத்திரம் எழுதினால், அவர் வாங்கிய விலையாக அரசுக் கணக்கில் இருப்பது 35 லட்சம்தான். உண்மையான லாபம் 20 லட்சம். வரியோ 45 லட்சத்துக்கு. செஸ்ஸைச் சேர்க்காமலே மூன்று லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கட்ட வேண்டும். அன்று பதிவுச் செலவில் மிச்சம் பிடித்த 2.25 லட்சத்தைவிட இது அதிகம். தப்பிக்க ஒரே வழி, அவரும் வாங்குபவரிடம் ரொக்கம் கேட்பது. முன்பு யாரோ எழுதிய பொய், அடுத்து வரும் ஒவ்வொருவரையும் பொய் எழுத வைக்கிறது. நேர்மையாக நடக்க நினைப்பவருக்குத்தான் இங்கே தண்டனை. நில விற்பனையில் கறுப்புப் பணம் இத்தனை பிடிவாதமாக நீடிப்பதற்கு, மனிதர்களின் பேராசையைவிட இந்தச் சங்கிலியே பெரிய காரணம் என்பேன்.

பேரம் முறிந்தால் நிலைமை இன்னும் மோசம். பதிவு செய்யாமல் வெறும் முத்திரைத்தாளில் எழுதிய கிரய ஒப்பந்தத்தை நம்பி ரொக்கம் கொடுத்தவர், அதைத் திருப்பிக் கேட்டு நீதிமன்றம் போவது எளிதல்ல. தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவுசெய்வது 2012 முதல் கட்டாயம். பதிவு செய்யாத ஒப்பந்தத்துக்கு வலு குறைவு. மீறிப் போனால் இப்போது தகவல் வருமான வரித் துறைக்கும் போகும்.

விவசாயிக்கு விழும் அடி அதிகம் பேசப்படாதது. சாலைக்கோ, விமான நிலையத்துக்கோ, சிப்காட்டுக்கோ நிலம் எடுக்கும்போது, 2013-ஆம் ஆண்டின் சட்டம் இரண்டு கணக்குகளைப் பார்க்கிறது. ஒன்று அரசின் வழிகாட்டி மதிப்பு. மற்றது, சுற்றுவட்டாரத்தில் முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான பத்திரங்களில் விலை உயர்ந்த பாதியின் சராசரி. எது அதிகமோ அதுவே அடிப்படை. அதன் மேல் அதே அளவு ஆறுதல் தொகையும் சேரும். அந்த அடிப்படை விலை ஏக்கருக்கு ஒரு லட்சம் குறைந்தால், இழப்பீடு குறைந்தது இரண்டு லட்சம் குறையும். ஊரார் எல்லாரும் குறைத்து எழுதி வைத்த பத்திரங்களைக் காட்டித்தான் "உங்கள் நிலத்தின் மதிப்பு இவ்வளவுதான்" என்று அதிகாரி சொல்கிறார். போராட்டப் பந்தலில் உட்காரும் விவசாயிக்கு அந்தக் கணக்கின் வேர் எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

அதிரடி தோற்றது ஏன்?

2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. அன்று புழக்கத்தில் இருந்த அந்த நோட்டுகளின் மதிப்பு 15.41 லட்சம் கோடி ரூபாய். அதில் 15.31 லட்சம் கோடி வங்கிகளுக்குத் திரும்பி வந்துவிட்டதாக ரிசர்வ் வங்கி 2018-இல் தெரிவித்தது. 99 சதவீதத்துக்கும் மேல். எரிந்துபோகும் என்று சொல்லப்பட்ட கறுப்புப் பணம் எரியவில்லை. ஏடிஎம் வாசலில் வெயிலில் நின்றவர்கள் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்போது சுமார் 18 லட்சம் கோடியாக இருந்த மொத்த ரொக்கப் புழக்கம் இன்று 35 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது.

பணம் எப்போதும் ரொக்கமாகவே பெட்டியில் கிடக்கும் என்ற தவறான எண்ணத்தில் எடுத்த நடவடிக்கை அது. கணக்கில் வராத பணம் நிலமாக, தங்கமாக, வட்டிக்கு விட்ட கடனாக, தேர்தல் செலவாக மாறிக்கொண்டே இருக்கிறது. நாடாளுமன்றத்தின் நிதி நிலைக்குழு 2019-இல் வைத்த அறிக்கை, கணக்கில் வராத பணம் அதிகம் புழங்கும் துறைகள் என்று சிலவற்றைப் பட்டியலிட்டது: ரியல் எஸ்டேட், சுரங்கம், மருந்து, குட்கா-புகையிலை, தங்கம், சினிமா, கல்வி. பட்டியலில் நிலத்துக்கு இடம் இருப்பதில் யாருக்கும் வியப்பு இராது. மற்ற துறைகளில் மறைத்த பணமும் கடைசியில் வந்து தங்குவது பெரும்பாலும் நிலத்தில்தான்.

இன்னொரு வகைத் தவறான கண்காணிப்பையும் அண்மையில் பார்த்தோம். 2025 ஜூலையில் கர்நாடக வணிக வரித் துறை, யுபிஐ வரவுகளை வைத்துச் சிறு கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது. வரியே இல்லாத காய்கறியை விற்பவருக்குக்கூட லட்சக்கணக்கில் நோட்டீஸ் போனது. சில நாட்களில் பெங்களூரு கடைகளில் கியூஆர் அட்டைகள் மறைந்தன. "ரொக்கம் மட்டும்" என்ற அட்டைகள் தொங்கின. எதிர்ப்புக்குப் பிறகு மாநில அரசு இறங்கி வந்தது. கணக்குக்குள் வந்துவிட்ட எளியவரை மிரட்டினால் அவர் கணக்கைவிட்டே ஓடிவிடுவார். பூ விற்பவரும் தள்ளுவண்டிக்காரரும் பதிவில் இல்லாமல் இருப்பது அவர்களது வறுமை. 60 லட்சத்தை 35 லட்சம் என்று எழுதுவது ஏமாற்று. இரண்டையும் ஒரே தராசில் வைக்கும் அரசு மக்களின் நம்பிக்கையை இழக்கும்.

சட்டம் இருக்கிறது, சரிபார்ப்பு இல்லை

நிலத்தைப் பொறுத்தவரை சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 30 லட்சமோ அதற்கு மேலோ மதிப்புள்ள ஒவ்வொரு பதிவையும் பதிவுத் துறை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். 50 லட்சமும் அதற்கு மேலும் உள்ள சொத்தை வாங்குபவர், விலையில் ஒரு சதவீதத்தை வரியாகப் பிடித்துக் கட்ட வேண்டும். இது 2013 ஜூன் முதல். சொத்து விற்பனைக்கு முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. இது 2015 ஜூன் முதல். மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். பினாமி சொத்துத் தடைச் சட்டத்தின் கதையோ இன்னும் வேதனையானது: 1988-இல் நிறைவேறி, விதிகள் வகுக்கப்படாமலே 28 ஆண்டுகள் தூங்கியது, 2016 திருத்தத்துக்குப் பிறகுதான் விழித்தது.

2023 ஜூலையில் செங்குன்றம், உறையூர் சார்பதிவாளர் அலுவலகங்களில் வருமான வரித் துறையினர் ஆய்வு நடத்தினார்கள். உயர்மதிப்புப் பதிவுகள் பற்றிய விவரம் முறையாகத் தங்களுக்கு வரவில்லை என்பதே காரணம். பதிவுத் துறை மாநில அரசுடையது, வருமான வரித் துறை மத்திய அரசுடையது. தகவல் நடுவழியில் நின்றுவிடுகிறது. தீபாவளிக்கு முன் லஞ்ச ஒழிப்புத் துறை சார்பதிவாளர் அலுவலகங்களில் புகுந்து மேசை இழுப்பறையிலிருந்து சில ஆயிரங்களைக் கைப்பற்றுவது செய்தியாகிறது. அதே மேசையில் பொய் விலையோடு பதிவான பத்திரங்களைப் பற்றி ஒரு வரி செய்தியும் வருவதில்லை. அதை நாம் குற்றமாகவே நினைப்பதில்லை.

அரசும் இதற்கு உடந்தை. 2017 ஜூனில் தமிழ்நாடு அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. ஈடுகட்டப் பதிவுக் கட்டணத்தை ஒரு சதவீதத்திலிருந்து நான்காக உயர்த்தியது. அரசின் வருவாய்க் கணக்குக்கு அது பொருந்தியிருக்கலாம். ஆனால் பத்திர விலைக்கும் சந்தை விலைக்கும் இருந்த இடைவெளியை அரசே இன்னும் அகலமாக்கிக் கொடுத்தது. 2023-இல் பழைய மதிப்பைத் திரும்பக் கொண்டுவந்து, கட்டணத்தை இரண்டு சதவீதமாகக் குறைத்தது சரியான திசை. ஆனால் மதிப்பை உயர்த்தியது வெறும் சுற்றறிக்கையால். உரிய நடைமுறை பின்பற்றப்படவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிறகு முறைப்படி வகுத்த புதிய மதிப்புகள் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஏழு ஆண்டுகளில் இத்தனை இழுபறி.

வழிகாட்டி மதிப்பை ஏற்றிவிட்டால் போதும் என்பதும் சரியாகாது. மெயின் ரோட்டுக்குப் போட்ட மதிப்பை உள்சந்துக்கும் போட்டால், அங்கே உண்மையிலேயே குறைந்த விலைக்கு வாங்கியவர் இல்லாத பணத்துக்குத் தீர்வை கட்டுகிறார். ஆட்சேபித்தால் முத்திரை தனித் துணை ஆட்சியர் அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். பத்திரம் மாதக்கணக்கில் நிலுவையில் கிடக்கும். அந்த அலைச்சலுக்குப் பயந்தே பலர் கேட்ட தொகையைக் கட்டிவிடுகிறார்கள்.

என்ன செய்யலாம்?

வழிகாட்டி மதிப்பை நிர்ணயிக்கும் பொறுப்பை, ஆட்சி மாறினாலும் மாறாத ஒரு தனி வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் இருப்பதுபோல ஆண்டுதோறும் விலைப் பட்டியல் வெளியிடும் வழக்கம் இங்கும் வர வேண்டும். வரைவுப் பட்டியலை ஊராட்சி அலுவலகத்திலும் வார்டு அலுவலகத்திலும் ஒட்டி, ஆட்சேபங்களைக் கேட்டு, 30 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். உண்மை விலை என்ன என்பதற்கு ஆதாரம் தேடி அலைய வேண்டியதில்லை. வீட்டுக் கடன் கொடுக்கும்போது வங்கிகளின் மதிப்பீட்டாளர் இடத்தை நேரில் பார்த்து ஓர் அறிக்கை கொடுக்கிறார். பெயர்களை நீக்கிவிட்டு அந்த மதிப்புகளை மட்டும் வாரியத்துக்குக் கொடுத்தால், எந்தத் தெருவில் பத்திரம் பொய் சொல்கிறது என்பது தெரிந்துவிடும்.

மதிப்பு உண்மையை நெருங்க நெருங்க, விகிதம் குறைய வேண்டும். 9 சதவீதம் என்பது நாட்டின் உயர்ந்த விகிதங்களில் ஒன்று. முழு விலைக்கு 9 சதவீதம் கேட்டால் நடுத்தரக் குடும்பத்தால் தாங்க முடியாது; அதுவே பொய்க்கு நியாயம் கற்பிக்கிறது. மூன்று ஆண்டுகளில் படிப்படியாக 6 சதவீதத்துக்குக் கொண்டுவர முடியும். 60 லட்சம் முழுவதற்கும் 6 சதவீதம் என்றால் 3.60 லட்சம், இப்போது 35 லட்சத்துக்கு 9 சதவீதமாக அரசுக்குக் கிடைப்பது 3.15 லட்சம். விகிதத்தைக் குறைத்தும் அரசுக்கு வருவாய் கூடும்.

பழைய பொய்ச் சங்கிலியை அறுக்க மத்திய அரசுதான் உதவ முடியும். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய சொத்துக்கு, அந்தத் தேதியின் சந்தை மதிப்பையே வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் இடம் தருகிறது. முன்பு இந்த அடிப்படை ஆண்டு 1981 ஆக இருந்தது. குடும்பத்துக்கு ஒரு வீடு அல்லது ஒரு மனைக்கு மட்டும், புதிய அடிப்படை ஆண்டு ஒன்றை அறிவிக்கலாம். விற்கும்போது முழுத் தொகையும் வங்கி வழியாகவே வர வேண்டும் என்ற நிபந்தனையோடு. இது வரி ஏய்த்தவர்களுக்கு மன்னிப்பு ஆகாதா என்ற கேள்வி நியாயமானது. பத்து மனை வாங்கிக் குவித்தவருக்கு இது உதவக் கூடாது. அதற்காகவே "ஒன்று மட்டும்" என்ற வரம்பு. யாரோ தொடங்கிய பொய்யில் மாட்டிக்கொண்ட சம்பளக்காரருக்கு வெளியேற ஒரு கதவு வேண்டும். அது இல்லாமல் எவ்வளவு கண்காணித்தாலும் அவர் ரொக்கத்துக்கே திரும்புவார்.

சார்பதிவாளர் மேசையில் கேட்கும் கேள்வியும் மாற வேண்டும். "பணம் வாங்கிட்டீங்களா?" என்பதற்குப் பதில், எந்தத் தேதியில், எந்த வங்கிப் பரிமாற்ற எண்ணில், எவ்வளவு என்று ஒவ்வொரு தவணையும் பத்திரத்தில் ஏற வேண்டும், கணினி அதை வங்கியோடு சரிபார்த்த பிறகே பதிவு எண் தர வேண்டும். 30 லட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகளின் விவரம் அதிகாரியின் தயவை எதிர்பார்க்காமல் தானாகவே வருமான வரித் துறைக்குப் போகட்டும். உச்ச நீதிமன்ற உத்தரவின்படி எத்தனை தகவல்கள் அனுப்பப்பட்டன, அவற்றில் எத்தனைக்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது என்ற எண்ணிக்கையைப் பதிவுத் துறை மாதந்தோறும் வெளியிட வேண்டும்.

அரசியல் விருப்பம் இல்லாமல் இவற்றில் எதுவும் நடக்காது. வாக்காளர்களுக்குப் பணம் கொடுத்ததாக 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-இல் ஆர்.கே.நகர், 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதி என்று தேர்தல்கள் தள்ளிப்போனதையோ ரத்தானதையோ தமிழ்நாடு பார்த்திருக்கிறது. அந்தக் கட்டுகள் வங்கியிலிருந்து வந்தவை அல்ல. நிலத்திலும் ஒப்பந்தப் பணிகளிலும் மறைக்கப்பட்ட பணம்தான் தேர்தல் நேரத்தில் வெளியே வருகிறது. எனவே கண்காணிப்பவரையும் கண்காணிக்க ஓர் அமைப்பு வேண்டும். அது ஏற்கெனவே இருக்கிறது: இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர். முத்திரைத் தீர்வை வசூலில் உள்ள ஓட்டைகளை மாநிலத் தணிக்கை அறிக்கைகள் சுட்டிக்காட்டிவருகின்றன. அவற்றைச் சட்டமன்றத்தில் வைக்க மாதக்கணக்கில் தாமதிப்பதும், கூட்டத்தொடரின் கடைசி நாளில் விவாதம் இல்லாமல் வைப்பதும் நிற்க வேண்டும். அறிக்கை கிடைத்த 60 நாட்களுக்குள் அவையில் வைக்க வேண்டும், பொதுக் கணக்குக் குழு ஓராண்டுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும் என்று அவை விதிகளிலேயே எழுதிவிடலாம்.

மாநிலம் முழுவதும் ஒரே நாளில் இதைத் தொடங்க வேண்டியதில்லை. நில விலை வேகமாக ஏறும் செங்கல்பட்டு, கோயம்புத்தூர் மாவட்டங்களில் ஒரு நிதியாண்டுக்குத் தெருவாரியான புதிய மதிப்பு, குறைந்த விகிதம், வங்கிச் சரிபார்ப்பு ஆகிய மூன்றையும் ஒன்றாக நடத்திப் பார்க்கலாம். பதிவான சராசரி விலை எவ்வளவு மாறியது, வருவாய் கூடியதா குறைந்ததா, எத்தனை ஆட்சேபங்கள் தீர்க்கப்பட்டன என்ற கணக்கை அடுத்த பட்ஜெட் கூட்டத்தொடரில் பதிவுத் துறை அமைச்சர் அவையில் வைக்கட்டும்.